கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட்

அக்கினி நட்சத்திரக் காலத்தில் தாம்பரத்திலோ சேலையூரிலோ மேடவாக்கத்திலோ தட்டையான கான்கிரீட் தளத்தின்கீழ் உறங்க முயன்றவர்க்கு அத்தளத்தின் இயல்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பகலெல்லாம் உண்ட வெயிலை அஃது இரவெல்லாம் உமிழும். முன்னோர் தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லையும் சுண்ணாம்பையும் இட்டு அமைத்த மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கு இத்துணைக் கொடுமை இருந்ததில்லை. ஆயினும் மரமும் மலிவன்று. அவ்வேலை தெரிந்த கொத்தரும் அருகிவிட்டனர். கான்கிரீட்டை விட்டுவிடவும் இயலாது, அதனோடு இன்புற்று வாழவும் இயலாது என்னும் இந்நிலையில், அதே கான்கிரீட்டைக் கொண்டு நம் கடற்கரைக்கு ஏற்றதோர் உறைவிடத்தை 1930-களிலேயே புதுச்சேரியில் வகுத்தமைத்த அந்தோனின் ரேமண்ட் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ரேமண்ட் 1888-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் பொஹீமியா நாட்டுக் க்ளாட்னோ என்னும் ஊரில் பிறந்தார். அந்நாடு அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. தந்தை வழிப் பெயர் ரெய்மன் என்பது. ரேமண்ட் என்பது பின்னர்த் தாமே மேற்கொண்டது. பிராகு நகரில் கட்டடக்கலை பயின்ற அவர் 1910-இல் நியூயார்க் சென்று, காஸ் கில்பர்ட் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரிடம் பணியில் அமர்ந்தார். 1914-இல் நோயெமி பெர்னெஸ்ஸன் என்னும் ஓவியப் பெண்மணியை மணந்தார். இவ்வம்மையாரைப் பற்றி ஒரு சொல் கூறாது செல்லுதல் தகாது. கணவர் அமைத்த வீடுகளின் உள்ளமைப்பிலும் இருக்கைகளிலும் திரைகளிலும் இவர் கை படாதது அரிது. கட்டடக்காரர் பெயரையே உலகம் நினைவில் வைக்கின்றது. வீட்டை வாழத்தக்கதாக்கியவர் பெயர் பெரும்பாலும் மறைகின்றது.

பிராங்க் லாயிட் ரைட் என்னும் பேராசிரியர் டோக்கியோ நகரில் இம்பீரியல் ஓட்டலைக் கட்ட முற்பட்டபோது, தம்மிடம் பணிபுரிந்திருந்த ரேமண்டையும் உடன் அழைத்துச் சென்றார். 1919-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் கால் வைத்த ரேமண்ட், ஈராண்டு கழியுமுன்னே ஆசிரியரை விட்டுப் பிரிந்து தனியே தொழில் தொடங்கினார். ரைட்டின் அணியழகுகள் அந்நாட்டுக்குப் பொருந்தா என்பது அவர் கொண்ட கருத்து. ஜப்பானியத் தச்சன் ஒரு மரத்தூணை வண்ணமிட்டு மறைப்பதில்லை. மரத்தின் நரம்பையே அழகென்று விடுகின்றான். இதனைக் கண்ட ரேமண்ட், கான்கிரீட்டையும் அவ்வாறே பூச்சின்றி விடலாகாதோ என எண்ணினார். 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் கான்டோ நிலநடுக்கம் டோக்கியோவை அழித்தது. அதனோடு எழுந்த தீயில் மாண்டோர் மிகப் பலர். அதன் பின்னர் அவர் தமக்கெனக் கட்டிக்கொண்ட வீடு முழுவதும் கம்பிக் கான்கிரீட்டால் ஆயது. சென்டரிங் பலகையின் வரிகள் சுவரில் அப்படியே தெரியுமாறு விடப்பட்ட வீடுகளில் உலகிலேயே முந்தியவற்றுள் அஃது ஒன்று.

கிறிஸ்தவக் கல்லூரியைச் சார்ந்த நமக்கு அவருடைய பணிகளுள் இன்னுமொன்று அணுக்கமானது. டோக்கியோ மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியின் கட்டடங்களை வகுத்தவரும் அவரே. 1938-இல் முற்றுப்பெற்ற அதன் ஆலயம், பிரெஞ்சுக் கலைஞர் ஒகுஸ்த் பெரே பாரிஸுக்கு அருகே லெ ரென்ஸி என்னுமிடத்தில் 1923-இல் எழுப்பிய ஆலயத்தைப் பின்பற்றியது. அந்த லெ ரென்ஸி ஆலயத்தின் மேல்விதானம் சில அங்குலமே கனமுள்ள கான்கிரீட் ஓடு.

ஓடு என்று நாம் கூறியது முட்டையோட்டை நினைந்தே. தட்டையான தளம் பாரத்தைத் தாங்கும்போது வளையப் பார்க்கும். வளைகையில் அதன் அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் நசுக்குதலைத் தாங்குமேயன்றி இழுப்பைத் தாங்காது. ஆதலின் அங்கே கம்பியும் வேண்டும், கனமும் வேண்டும். தக்கவாறு வளைந்த ஓட்டிலோ, பாரம் அதன் உடலூடே பெரும்பாலும் நசுக்குதலாகவே பரவி ஓரங்களுக்குச் சென்று சேர்கின்றது. ஆகவே சிறிதளவு சிமெண்டு பேரிடத்தை மூடும். இதிலுள்ள இடர் ஒன்றே: வளைந்த சென்டரிங் அமைக்கத் தச்சுக்கூலி மிகும். ஓர் அச்சிலேயே பல துண்டுகளை வார்த்துப் பின் மேலேற்றி அடுக்குவது அவ்விடரை நீக்கும் வழிகளுள் ஒன்று.

ரேமண்ட் புதுச்சேரியில் கைக்கொண்டது இவ்வழியே. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை எனப்பட்ட மிர்ரா அல்பஸா அம்மையார் சாதகர் தங்குதற்கு ஓர் இல்லம் வேண்டினர். ஆசிரமவாசியான ஸான்திலேர் என்னும் பிரெஞ்சுக்காரர் முன்பு ஜப்பானில் இருந்தவர். அவர் வாயிலாக ரேமண்டுக்கு அழைப்புச் சென்றது. பொருளுதவி ஹைதராபாத் அரசின் ஸர் அக்பர் ஹைதரி வழியாகக் கிடைத்தமையின், இல்லத்துக்குக் கோல்கொண்டா எனப் பெயராயிற்று. வேலை தொடங்கியது 1937-இல். ஹென்றி ஷேட்டி என்னும் சுவிஸ் கலைஞர் வகுத்த கட்டடங்களில் நம் கல்லூரி தாம்பரத்துக் காட்டிடையே குடிபுகுந்ததும் அவ்வாண்டிலேயே என்பதை நண்பர்கள் நினைவு கூர்வாராக. ரேமண்டின் துணைவர்களான பிரான்டிஷெக் ஸாம்மர், ஜார்ஜ் நாகாஷிமா இருவரும் உடனிருந்து வேலையை நடத்தினர். 1938-இல் ரேமண்டும் குடும்பத்தோடு வந்து சில மாதங்கள் தங்கினார். ஆசிரமத்தாரே சாந்து கலந்தனர், கம்பி கட்டினர். கைப்பிடி முதலியன பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்க்கப்பட்டன என்பர்.

கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்குகின்றன. காலை மாலை வெயில் குறுகிய பக்கங்களிலேயே படும். வெளிப்புறச் சுவர் என்று சொல்லத்தக்கது அறைகளுக்கு இல்லை. அதனிடத்தில் தரைமுதல் மேல்வரை திருப்பத்தக்க சாய்பலகைகள் நிற்கின்றன. மழையைத் தடுத்து, ஒளியை மட்டுப்படுத்திக் காற்றை மட்டும் விடுவது அவற்றின் தொழில். உட்பக்கம் தேக்குமரச் சறுக்குக் கதவுகள். சாய்பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை. அப்பொருள் நுரையீரலுக்குத் தீங்கென்பது அந்நாளில் கட்டுவோர் எண்ணிப் பாராத ஒன்று. உட்சுவர்களுக்குச் செட்டிநாட்டு முறையில் முட்டை வெண்கரு சேர்ந்த சுண்ணப் பூச்சு. எல்லாவற்றினும் நாம் கருதத்தக்கது கூரை. கான்கிரீட் தளத்தின்மேல், தனியே வார்த்த வளைந்த மெல்லிய கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கினர். வெயில் ஓட்டின்மேல் விழுகின்றது; ஓட்டுக்கும் தளத்துக்கும் நடுவே ஓடும் காற்று வெப்பத்தைக் கொண்டு செல்கின்றது; தளம் நிழலில் இருக்கின்றது. மின்விசிறியின் துணையும் வேண்டாது வாழ எண்ணிய ஓரிடத்துக்கு இதனினும் எளிய விடை யாதென நமக்குத் தோன்றவில்லை. நம் புறநகரைச் சேர்ந்த தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தின் முதல் இயக்குநர் ஜி. எஸ். ராமஸ்வாமி மெல்லோட்டுக் கூரைகளுக்கே வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டார். சட்டத்தில் கட்டிய துணியின்மேல் சாந்தை ஊற்ற, அது தன் பாரத்தால் தொய்ந்து இறுகும். அதைக் கவிழ்த்தால் ஓடு. இவ்வளவு இருந்தும் மேடவாக்கத்து வீட்டு மாடிகள் தட்டையாகவே எழுகின்றன. மேலே இன்னொரு மாடி எழுப்பும் ஆசையே இதற்குக் காரணமென எண்ணுகின்றோம்.

இனிக் கூறவேண்டுவது துயரமான பகுதி. ரேமண்ட் புதுச்சேரியினின்று அமெரிக்கா திரும்பிப் பென்ஸில்வேனியாவில் ஒரு பண்ணையில் குடியேறினார். 1941-இல் ஜப்பானோடு போர் மூண்டது. 1943-இல் யூட்டா மாநிலத்து டக்வே பாலைவனத்தில் தீக்குண்டுகளைச் சோதித்தற்பொருட்டு ஜப்பானியத் தொழிலாளர் குடியிருப்பைப் போன்ற வீடுகள் தேவைப்பட்டன. அவ்வீட்டின் மரம், பாய், கதவு யாவற்றையும் அமெரிக்காவில் ரேமண்டைப்போல் அறிந்தவர் வேறு யார்? அவர் ஒப்புக்கொண்டார். ஜப்பானிய மரத்துக்கு நிகரான மரம் தேடப்பட்டது. தரையில் விரிக்கும் பாய்களும் மறக்கப்படவில்லை. வீடுகள் கட்டப்பட்டன, எரிக்கப்பட்டன, மீண்டும் கட்டப்பட்டன. 1945-ஆம் ஆண்டு மார்ச் 9, 10 நாள்களின் நள்ளிரவில் டோக்கியோமேல் அத்தகைய குண்டுகள் பொழிந்தபோது மாண்டோர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என மதிக்கப்படுகின்றனர். போரை விரைவில் முடிப்பதே நலமென்று தாம் துணிந்ததாகவும், அது தமக்கும் மனைவிக்கும் எளிதாக இருக்கவில்லை என்றும் 1973-இல் வெளியான தன்வரலாற்றில் அவர் எழுதினார். நாம் அதனைப் பொய்யென்று கூறோம். அவ்விடை போதுமென்றும் கூறோம். தமக்கு வாழக் கற்பித்த வீட்டை எரியக் கற்பித்தவர் என்னும் வடு அவர் பெயரை விட்டு நீங்கவில்லை.

ஆயினும் போருக்குப்பின் ஜப்பானியர் அவரை ஏற்றனர். மாண்டுபோன நகரங்களை மீளக் கட்டும் வேளையில் அவர் மீண்டும் டோக்கியோவில் அலுவலகம் திறந்தார். மெகுரோவில் தூய அன்ஸெல்ம் ஆலயம், நகோயாவில் நான்ஸன் பல்கலைக்கழகம் ஆகியன அவருடைய பிற்காலப் பணிகள். தகாஸாகி நகரத்து மக்கள் போர் முடிந்த ஆண்டிலேயே ஓர் இசைக்குழுவைத் தோற்றுவித்திருந்தனர். அதற்கு மண்டபம் எழுப்ப நன்கொடையும் திரட்டினர். 1961-இல் ரேமண்ட் அவர்களுக்கு அமைத்தளித்த மண்டபத்தின் கூரையும் சுவரும், விசிறிமடிப்புக் காகிதம்போல் மடிந்து நிற்கும் மெல்லிய கான்கிரீட்டே. உள்ளே தூணொன்றும் இல்லை.

ரேமண்ட் 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் பென்ஸில்வேனியாவில் காலமானார். அப்போது அவருக்கு அகவை 88. புதுச்சேரிக் கோல்கொண்டாவில் இன்றும் ஆசிரமத்தாரும் விருந்தினரும் தங்குகின்றனர். காற்று திசை மாறுந்தோறும் சாய்பலகைகளைத் திருப்பி வைக்கின்றனர்.