கணக்குப் படித்தவர் மலை ஏறினார்: கோ. நடேசய்யரும் தோட்டத்துக் கடனும்

ஹட்டன் பக்கத்து லயங்களில் இன்று கடன் என்றால் அடகுக்கடை ரசீது, சீட்டுக்காசு, வாராவாரம் வாசலுக்கு வரும் நுண்கடன் தவணை. நூறு வருடத்துக்கு முன்பு இதே மலைகளில் கடனுக்கு இன்னும் கனத்த ஒரு பெயர் இருந்தது: துண்டு. அந்தச் சொல்லைத் தேடிப் போனபோதுதான் கோ. நடேசய்யரின் வாழ்க்கை எனக்கு வேறு விதமாகப் புரிந்தது.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஆள் சேர்க்க வரும் கங்காணி, வழிச்செலவுக்கும் ஊர்க் கடனை அடைக்கவும் முன்பணம் கொடுப்பார். மலைக்கு வந்து சேரும்போதே அந்தக் குடும்பம் கடனாளி. பிறகு அரிசி, கம்பளி, கல்யாணம், கருமாதி என்று எல்லாம் அதே கணக்கில் ஏறும். கணக்கு எழுதியது கங்காணி தரப்பு. எழுதியதை வாசிக்கக் கடனாளிக்கு எழுத்து தெரியாது.

துண்டு என்பது தோட்டத்துரை கொடுத்த ஒரு சிறு காகிதம். இந்தக் கூட்டத்தின் மொத்தக் கடனைக் கட்டுகிறவர் ஆட்களைக் கூட்டிப்போகலாம் என்பதே அதன் பொருள். ஆள் தேவைப்பட்ட அடுத்த தோட்டம் பணத்தைக் கட்டும். கட்டியதால் கடன் தீராது. கடன் கொடுத்தவரின் பெயர்தான் மாறும். சில நேரம் பெரிய கங்காணி கூடுதலாகவும் வாங்குவார். அதுவும் ஆட்களின் தலையில்தான் விழும். சொல்லாமல் வேலையை விட்டு ஓடினால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை.

இந்த நிலத்துக்கு வந்த நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். அங்கே வர்த்தகமித்திரன் என்ற பத்திரிகையை நடத்தியவர். கணக்குப் பதிவைப் பற்றித் தமிழில் புத்தகம் எழுதியவர். வெளியாட்கள் தோட்டத்துக்குள் போக முடியாத காலம் அது. அதனால் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்து தொழிலாளர்களின் நிலையைப் பார்த்தார் என்பது மலையகம் முழுக்கச் சொல்லப்படும் செய்தி. வேடத்தைவிட அவருடைய படிப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரவு எது, பற்று எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிய கண் அது. உழைக்க உழைக்கக் குறையாத கடன் எங்கோ இடிக்கிறது என்பது அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

சட்டம் வந்தது, பழக்கம் போகவில்லை

துண்டு முறையை ஒழித்தவர் அவர் மட்டும் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. சிறைத் தண்டனைக்கு எதிராக சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் சங்கம் அமைத்துப் போராடினார். இந்தியாவிலிருந்தும் அழுத்தம் வந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டுக்கு முடிவு கட்டியது.

ஆனால் கடன் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருக்கவில்லை. கங்காணியின் அதிகாரம் அப்படியே நின்றது. வேலையை விட்டுப் போகிறவருக்குத் தோட்டம் தரவேண்டிய, மக்கள் வாயில் பத்துச்சீட்டு என்று வழங்கிய காகிதம் கிடைக்காவிட்டால், அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. நடேசய்யரின் நீண்ட வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

தேசநேசன், தேசபக்தன் என்ற பத்திரிகைகளில் தோட்டத்துச் செய்திகளை எழுதினார். 1925இல் சட்ட நிரூபண சபைக்குள் போனார். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தைத் தொடர்ந்து, 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நாட்சம்பளம் நிர்ணயமானது. அது போதாது என்பது அவர் கட்சி. நியாயம் எளிது: சம்பளம் வயிற்றுக்குப் போதாவிட்டால் மிச்சத்தைக் கடன்தான் நிரப்பும்.

1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். ஹட்டன் அதன் மையமானது. உலகப் பொருளாதார மந்தம் தேயிலை விலையைச் சரித்து, சம்பளத்தையும் வெட்டிய நேரம். துரைமாரும் பெரிய கங்காணிமாரும் ஒரே பக்கம் நின்றார்கள். நடேசய்யருக்குத் துணை நின்றவர் அவருடைய மனைவி மீனாட்சியம்மை. எழுதினார், மேடை ஏறினார், தொழிலாளர் பாடுகளைப் பாட்டாகக் கட்டிப் பாடினார். துண்டுப்பிரசுரம் வாசிக்கத் தெரியாதவர்களிடம் பாட்டு போய்ச் சேர்ந்தது.

1936இல் ஹட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1947 நவம்பரில் அவர் காலமானார். அடுத்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம், அவர் யாருக்காகப் பேசினாரோ அந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

இன்றைய கணக்கு

இந்த வாழ்க்கையை வாசித்த பிறகு, கடனிலிருந்து மீள்வது சிக்கனத்தைப் பற்றிய பேச்சாக மட்டும் எனக்குத் தெரியவில்லை. செலவைக் குறை, கடனைக் கட்டு என்ற அறிவுரை நல்லதுதான். ஆனால் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே மலையகம் வருடக்கணக்காகப் போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. வருவதற்குள் விலைவாசி முந்திக்கொண்டது. குறைக்க ஒன்றுமில்லாத செலவை எப்படிக் குறைப்பது?

நடேசய்யரின் காலத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் எளிமையானது. முதலில் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்: எவ்வளவு வாங்கினோம், வட்டி எவ்வளவு, எத்தனை தவணை மிச்சம், கையெழுத்திட்ட படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது. இரண்டாவது, தனியாகக் கேட்டால் அடக்கிவிடக்கூடிய கேள்வியைச் சேர்ந்து கேட்க வேண்டும். கடன்காரனின் புத்தகத்தை மட்டும் நம்பியிருந்த காலத்தில் நம் கொள்ளுப்பாட்டன்மாரின் கடன் ஒருபோதும் தீரவில்லை. இன்று நமக்கு வாசிக்கத் தெரியும். வாங்கிக் கேட்டு, வாசித்துப் பார்ப்பதில் தொடங்கலாம்.