கடலில் காலம் கண்ட தச்சர் ஜான் ஹாரிசன்

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தை நம் மாணவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா என்னும் ஏழு கண்டங்களும் அதில் விளங்குகின்றன. நாடுகளின் பெயர்களும் எல்லைகளும் காலந்தோறும் மாறி வந்துள்ளன. மாறாதிருப்பவை, படத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாய் ஓடும் மெல்லிய கோடுகளே. அவற்றுள் நெடுக்குக் கோட்டை நடுக்கடலில் அறியும் வழியைக் கண்டவர் ஒரு தச்சர். அவர்தம் வரலாற்றை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

குறுக்குக் கோடுகளை அட்சரேகை என்றும், நெடுக்குக் கோடுகளை தீர்க்கரேகை என்றும் கூறுவர். நிலநடுக்கோட்டை 0 பாகையாகக் கொண்டு வடக்கிலும் தெற்கிலும் 90 பாகை வரை அட்சரேகையை எண்ணுகிறோம். இங்கிலாந்திலுள்ள கிரீன்விச் வழியே செல்லும் கோட்டை 0 பாகையாகக் கொண்டு கிழக்கிலும் மேற்கிலும் 180 பாகை வரை தீர்க்கரேகையை எண்ணுகிறோம். கோலாலம்பூர் ஏறத்தாழ வடக்கு 3 பாகையிலும் கிழக்கு 102 பாகையிலும் உள்ளது. நம் முன்னோர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினம் வடக்கு 11 பாகையிலும் கிழக்கு 80 பாகையிலும் உள்ளது. இரண்டு எண்களும் தெரிந்தால், கடலின் நடுவேயும் ஓர் இடத்தை ஐயமின்றிச் சுட்டலாம்.

ஆனால் அக்கால மாலுமிகளுக்கு ஓர் எண்தான் எளிதாகக் கிட்டியது. நண்பகலில் சூரியனின் உயரத்தையோ இரவில் துருவ நட்சத்திரத்தின் உயரத்தையோ அளந்து அட்சரேகையை அறிந்தனர். தீர்க்கரேகையை அறிய அத்தகைய வழி இல்லை. பூமி ஓயாது சுழல்வதால் எல்லா விண்மீன்களும் கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்து கொண்டேயிருக்கின்றன அல்லவா?

அச்சுழற்சியிலேதான் விடையும் இருந்தது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு மணி நேரத்திற்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கிரீன்விச்சில் சூரியக் கணக்கின்படி விடியற்காலை மணி 5.13 அளவே ஆகியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாகையாக மாற்றினால் தீர்க்கரேகை கிடைத்துவிடும். (நம் கடிகாரம் 1982 ஜனவரி முதல் நாள் தொட்டுக் கிழக்கு 120 பாகைக்குரிய நேரத்தைக் காட்டுகிறது. அதனால்தான் நம் திடலில் கொடிக்கம்பத்தின் நிழல் மிகக் குறுகுவது நண்பகல் 12 மணிக்கு அன்று, பிற்பகல் மணி 1.15 அளவில். மாணவர்கள் தாமே அளந்து பார்க்கலாம்.)

ஆகவே, புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தால் போதும். அக்காலத்தில் அதுவே இயலாததாய் இருந்தது. அலையில் கப்பல் ஆடினால் ஊசல் தடுமாறும். வெப்பத்தில் உலோகம் நீளும்; குளிரில் சுருங்கும். எண்ணெயோ ஒரு நாட்டில் இளகி மறு நாட்டில் இறுகும். இடம் தெரியாது கப்பல்கள் பாறையில் மோதின. 1707-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளருகே நான்கு போர்க்கப்பல்கள் ஒரே இரவில் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் சரியாக அறியும் வழி காண்போர்க்கு 20,000 பவுன் பரிசு என்று அறிவித்தது. அறிஞர் குழு ஒன்றும் நியமிக்கப் பெற்றது.

ஜான் ஹாரிசன் 1693-இல் யார்க்ஷயரில் ஃபவுல்பி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தச்சர். பின்னர் குடும்பம் லிங்கன்ஷயரில் பேரோ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஹாரிசன் பெற்ற பள்ளிக்கல்வி மிகச் சிறிதே. சமயகுரு ஒருவர் இயற்பியல் விரிவுரைகளின் கையெழுத்துப் படி ஒன்றை இரவல் கொடுத்தார். இளைஞர் அதனைப் படங்களோடு முழுமையும் கைப்பட எழுதிக் கொண்டார். நூல் வாங்க வசதியற்றவர் கற்ற முறை இது. நம் பெற்றோருள் சிலரும் இவ்வாறு கற்றவரே.

தச்சர் ஆதலின் அவர் முதற்கடிகாரங்களின் சக்கரங்களையும் மரத்தாலேயே செய்தார். இயல்பாகவே எண்ணெய்ப் பசை ஊறும் லிக்னம் வைட்டே என்னும் வன்மரத்தைச் சுழலும் இடங்களில் பொருத்தியதால் அவர் கடிகாரத்திற்கு எண்ணெயே வேண்டப்படவில்லை. பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாறி மாறி அமைத்து, ஒன்றின் நீட்சியை மற்றொன்று ஈடு செய்யுமாறு ஊசலை அமைத்தார். ஏட்டில் கற்றதைவிட மரத்தையும் உலோகத்தையும் தொட்டு அறிந்த அறிவே இங்குப் பெரிதும் துணைநின்றது என்பது எம் கருத்து.

1730-இல் அவர் இலண்டன் சென்று வானியலறிஞர் எட்மண்ட் ஹாலியைக் கண்டார். ஹாலி அவரைப் புகழ்பெற்ற கடிகார வல்லுநர் ஜார்ஜ் கிரகாமிடம் அனுப்பினார். முன்பின் அறியாத நாட்டுப்புறத் தச்சரின் பேச்சைக் கேட்ட கிரகாம் வட்டியின்றிப் பணமும் கடனாகக் கொடுத்தார்.

ஐந்தாண்டு உழைப்பில் முதற் கடற்கடிகாரம் உருவாயிற்று. அதன் எடை ஏறத்தாழ 34 கிலோகிராம். 1736-இல் அதனுடன் அவர் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பனுக்குக் கப்பலேறினார். திரும்பும் வழியில் நிலம் தென்பட்டது. மாலுமிகள் அதை ஸ்டார்ட் முனை என்றனர். ஹாரிசன் லிசார்டு முனை என்றார். ஹாரிசன் கூறியதே சரியாயிற்று. மாலுமிகளின் கணக்கு 60 மைல் தவறியிருந்தது.

அப்பொழுதே அவர் பரிசுக்குரிய கடற்சோதனையைக் கோரியிருக்கலாம். அவரோ தம் கருவியின் குறைகளையே எடுத்துக் கூறி, இதனினும் நல்லதொன்றைச் செய்ய உதவி வேண்டினார்! இரண்டாம் கடிகாரமும் அவருக்கு நிறைவு தரவில்லை. மூன்றாவதற்கு ஏறத்தாழ 19 ஆண்டுகள் செலவாயின. அதன்பொருட்டு அவர் கண்ட இரட்டை உலோகத் தகடும், உருளைகள் பொருத்திய சுழற்சி அமைப்பும் பிற்காலப் பொறிகள் பலவற்றிலும் இடம்பெற்றன. ஆயினும், வேண்டிய துல்லியம் கைகூடவில்லை.

பெரிய கருவிகளை விடுத்து, 1759-இல் நான்காவதாக அவர் முடித்தது 13 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கைக்கடக்கமான கடிகாரம். அதனை எடுத்துக் கொண்டு 1761 நவம்பரில் அவர் மகன் வில்லியம் ஜமைக்காவுக்குப் புறப்பட்டார். தந்தைக்கு அப்போது வயது 68. வழியில் உணவுப்பொருள் கெட்டுப்போகவே, கப்பல் மடெய்ரா தீவை விரைந்து அடைய வேண்டியிருந்தது. கப்பல் தலைவரின் கணக்கும் கடிகாரத்தின் கணக்கும் ஒன்றரைப் பாகை வேறுபட்டன. போக்கை மாற்ற வேண்டா, நாளைக் காலை தீவு தென்படும் என்று வில்லியம் உறுதி கூறினார். அவ்வாறே மறுநாள் காலை தென்பட்டது. 81 நாள்களில் அக்கடிகாரம் 5 வினாடியே பின்தங்கியது. பரிசுக்கு அனுமதிக்கப்பட்ட பிழையோ 2 நிமிடம்.

குழுவினர் அதனை ஏற்கவில்லை. தற்செயலாய் நேர்ந்திருக்கலாம் என ஐயுற்றனர். 1764-இல் பார்படோஸ் தீவுக்கு மறுசோதனை நடந்தது; 47 நாளில் பிழை 39 வினாடி. அதற்கும் பின்னர், பாதிப் பரிசு தரவே குழு நிபந்தனை விதித்தது: கடிகாரத்தைப் பிரித்து அதன் நுட்பங்களை விளக்க வேண்டும், கருவிகள் யாவையும் ஒப்படைக்க வேண்டும். மீதிப் பாதிக்கு, அதுபோன்ற கடிகாரங்களை மீண்டும் செய்து காட்ட வேண்டும். முதியவர் வேறு வழியின்றி இசைந்தார். கருவிகளை எடுத்துச் செல்லும்போது முதற் கடிகாரம் கீழே விழுந்து சேதமுற்றது.

அரச வானியலறிஞர் நெவில் மாஸ்கலின்மீதே இப்பழி முழுவதையும் சுமத்துவோர் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. சந்திரனுக்கும் விண்மீனுக்கும் உள்ள தொலைவை அளந்து தீர்க்கரேகையை அறியும் முறையை அவர் வளர்த்தார். அதுவும் மாலுமிகளுக்குப் பயன்பட்டது. ஆனால், போட்டி முறையை ஆதரித்தவரே ஹாரிசனின் கடிகாரத்தைச் சோதிக்கும் பொறுப்பையும் ஏற்றது முறையன்று.

இறுதியில் ஹாரிசன் தம் ஐந்தாம் கடிகாரத்துடன் மன்னர் மூன்றாம் ஜார்ஜிடம் முறையிட்டார். 1772-இல் மன்னரே அதனைப் பத்து வாரம் சோதித்தார். நாளொன்றுக்கு மூன்றில் ஒரு வினாடிக்குமேல் அது பிழைபடவில்லை. 1773-இல் நாடாளுமன்றம் அவருக்கு 8,750 பவுன் வழங்கியது. முழுப் பணமும் ஏறத்தாழ வந்து சேர்ந்தது. பரிசு என்ற பெயரில் மட்டும் அது வரவில்லை. அப்பரிசைக் குழுவிடமிருந்து முறைப்படி பெற்றவர் எவருமிலர்.

அதே காலத்தில், லார்க்கம் கெண்டல் என்பவர் நான்காம் கடிகாரத்தைப் பார்த்துச் செய்த படியைக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் தம் இரண்டாம் உலகப் பயணத்தில் (1772 – 1775) கொண்டு சென்றார். தென் பனிக்கடலின் குளிரிலும் பசிபிக் தீவுகளின் வெம்மையிலும் அது தவறாது நேரம் காட்டியது. குக் அதனை மிகவும் பாராட்டினார்.

ஹாரிசன் 1776 மார்ச் 24-ஆம் நாள், தம் 83-ஆம் பிறந்த நாளன்று, இலண்டனில் காலமானார். 1884-இல் 25 நாடுகளின் பேராளர்கள் வாஷிங்டனில் கூடிக் கிரீன்விச் கோட்டையே உலகின் 0 பாகையாக ஏற்றனர். பழுதுற்றுக் கிடந்த அவர் கடிகாரங்களை ரூப்பர்ட் கோல்ட் என்னும் கடற்படை அதிகாரி 1920 முதல் பல்லாண்டு உழைத்துச் சீர்ப்படுத்தினார். அவை கிரீன்விச் வான் ஆய்வகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. முதல் மூன்றும் ஓடுகின்றன. நான்காவதற்கு மட்டும் எண்ணெய் தேவை. ஓடினால் உள்ளுறுப்புகள் தேயும். ஆதலின் அதற்குச் சாவி கொடுப்பதில்லை.