ஜார்ஜ் வொன் பேகேஷி

ஜார்ஜ் வொன் பேகேஷி (ஜூன் 3, 1899 – ஜூன் 13, 1972) அங்கேரியில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியலாளர் ஆவார். உட்காதிலுள்ள நத்தைச்சுருள் ஒலியால் தூண்டப்படும் முறையைக் கண்டறிந்தமைக்காக 1961 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவருக்கு மட்டும் வழங்கப்பட்டது.

வாழ்க்கை

புடாபெஸ்ட் நகரில் தூதரக அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். பெர்ன் நகரில் வேதியியல் கற்று, 1923 இல் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். முதல் உலகப்போருக்குப் பிந்தைய அங்கேரியில் நல்ல கருவிகள் அஞ்சல் துறையின் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தன. ஆகவே அங்கு பணியில் சேர்ந்து 1946 வரை இருந்தார். தொலைபேசியின் தரத்தை எவ்வளவு உயர்த்தினால் போதும் என்று அறிய, கேட்கும் காதின் தரத்தை அறிய வேண்டும். இக்கேள்வியே அவரைக் காதுக்குள் இட்டுச்சென்றது. பின்னர் சுவீடனிலும், 1947 முதல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார்.

ஆய்வு

இறந்தவர்களின் நத்தைச்சுருளை நீருக்கடியில் நுட்பமாகத் திறந்து, உள்ளிருக்கும் சவ்வின் மீது வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில் நுண்ணோக்கியால் பார்த்தார். ஒலி, சவ்வின் மீது ஓர் அலையாக ஓடி, ஓரிடத்தில் உச்சமடைந்து அடங்குவதைக் கண்டார். கீச்சொலிக்கு உச்சம் சுருளின் வாயிலருகிலும், தாழ்ந்த ஒலிக்கு நுனியிலும் அமைகிறது.

இறந்த காதில், மிக உரத்த ஒலியைக் கொண்டே இதனை அளக்க முடிந்தது. அதனால் உச்சம் அகன்று தெரிந்தது. உயிருள்ள காதில் அது மிகக் கூர்மையானது என்று 1971 இல் வில்லியம் ரோட் குரங்குகளில் காட்டினார். வெளி மயிர்க்கலங்கள் அசைந்து அலையைப் பெருக்குவதே காரணம் என்பது அவர் மறைவுக்குப் பின்னரே தெளிவானது. இக்கலங்கள் அழிந்தவருக்குச் சந்தை இரைச்சலில் பேச்சுக் கேட்கும், ஆனால் பிரிந்து விளங்காது. காது கேட்கும் கருவி ஒலியைப் பெருக்குமே தவிர, இழந்த கூர்மையைத் தராது.

பிற்காலப் பயன்

காக்ளியர் இம்பிளாண்ட் என்னும் கருவி, இந்த இட ஒழுங்கைப் பின்பற்றி மின்முனைகளால் நரம்பைத் தூண்டுகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிறு குழந்தைகளுக்கு இது பொருத்தப்படுகிறது. மின்முனைகள் வாயில் பக்கமிருந்து செலுத்தப்படுவதால் பெரும்பாலும் நுனியை எட்டுவதில்லை. குரலின் சுருதியும் சரிவரக் கிடைப்பதில்லை. மறுகாதில் தாழ்ந்த ஒலிக் கேள்வி சிறிதேனும் எஞ்சியிருந்தால், அங்கே சாதாரணக் காது கேட்கும் கருவி அணிவது பலருக்கு உதவுகிறது. அது தரும் சுருதியைப் பற்றிக்கொண்டு, பல குரல்களுக்கிடையே ஒரு குரலைத் தொடர முடிகிறது. தனியாகக் கேட்டால் சொற்கள் புரியாத அளவு மங்கலான கேள்விகூட இவ்வாறு பயன்படுவது வியப்புக்குரியது.

இறுதிக்காலம்

1965 இல் ஆர்வர்டு ஆய்வுக்கூடம் தீயில் அழிந்தது. அடுத்த ஆண்டு அவாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பேகேஷி, ஒனலுலு நகரில் காலமானார். தாம் சேகரித்த கலைப்பொருட்களை நோபல் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார்.