36 பீப்பாய் பீரை தரையில் கொட்டிய ஊர்... பில்ஸ்னரை உருவாக்கிய ஜோசப் குரோல் யார்?

பீர்னு சொன்னதும் நினைவுக்கு வர்றது தங்க நிறம்தான். அந்த நிறத்தை உலகம் முழுக்கப் பரப்பியது பில்ஸ்னர். அதைக் காய்ச்சியவர் ஜோசப் குரோல்.

கொட்டப்பட்ட பீர்

இன்றைய செக் குடியரசில் உள்ள பில்சென் நகரம், அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. அங்கே வீட்டுக்காரர்கள் பலருக்கு பீர் காய்ச்சி விற்கும் உரிமை பல நூறு ஆண்டுகளாகவே உண்டு. ஆனால் தரம்? ஒருமுறை நல்லா இருந்தா மறுமுறை புளிச்சுப்போகும். 1838-ல் 36 பீப்பாய் பீர் நகர மன்றத்துக்கு முன்னாலேயே கொட்டப்பட்டது. ஊர் மானம் போச்சு!

உரிமை வைத்திருந்தவர்கள் ஒன்றுகூடி புதிய ஆலை கட்டினார்கள். பவேரியாவின் லாகர் பீருக்கு அப்போது நல்ல பெயர். அதனால் அங்கிருந்தே ஆளை வரவழைத்தார்கள்.

வந்தவர் யார்?

1813-ல் டான்யூப் நதிக்கரை ஊரான வில்ஸ்ஹோஃபனில் பிறந்தவர் குரோல். அப்பாவும் பீர் ஆலைக்காரர். பில்செனில் 1842 அக்டோபர் 5-ம் தேதி முதல் பீரைக் காய்ச்சியபோது குரோலுக்கு வயது 29.

பவேரிய பீர் கரும்பழுப்பு நிறம். ஆனால் நவம்பர் 11-ல் பில்செனில் ஊற்றிக்கொடுத்தது பளிச்சென்ற தங்க நிறம்!

எப்படி நடந்தது?

நாலு விஷயம் சேர்ந்தது. புகை படாமல், வெறும் சூடான காற்றில் காயவைத்த வெளிர் பார்லி மால்ட், உப்புச்சத்து மிகக் குறைந்த பில்சென் தண்ணீர், ஸாட்ஸ் பகுதி ஹாப்ஸ் பூ, குளிரில் நிதானமாக வேலை செய்யும் லாகர் ஈஸ்ட். நிலத்தடிப் பாதாள அறைகளின் குளிர்ச்சியும் கைகொடுத்தது.

பிறகு என்ன ஆனார்?

பீர் ஜெயித்தது. குரோல் நிலைக்கவில்லை. 1845-ல் ஒப்பந்தம் முடிந்ததும் ஆலை அதை நீட்டிக்கவில்லை. சொந்த ஊர் திரும்பி, அப்பாவின் ஆலையை நடத்தினார். 1887-ல் அங்கேயே இறந்தார். பீருக்கு நிலைத்தது ஊரின் பெயர்தான். குரோலின் பெயர் இல்லை.

வீட்டிலேயே பீர் காய்ச்சும் ஐரோப்பியர்களுக்கு இன்னைக்கும் பில்ஸ்னர் ஒரு பரீட்சை. கருக வறுத்த மால்ட்டின் வாசம் இதில் இல்லை. அதனால் சின்னத் தப்பு நடந்தாலும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். குரோல் அந்தப் பரீட்சையில் தேறியது, இன்றைய நவீன கருவிகள் இல்லாத காலத்தில்!

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு)