மதகுரு ஆக வேண்டிய பையன் சமூகவியலுக்கு வந்த கதை: யார் இந்த எமில் துர்கைம்?

அப்பா ரப்பி. தாத்தாவும் ரப்பி. கொள்ளுத்தாத்தாவும் ரப்பிதான். யூத மதகுருக்களாகவே வாழ்ந்துவந்த குடும்பத்தில், 1858 ஏப்ரல் 15 அன்று பிறந்தார் எமில் துர்கைம். ஊர், பிரான்ஸின் கிழக்கில் உள்ள எபினால். பையனும் அதே வழியில்தான் போவான் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவரோ இளம் வயதிலேயே அந்தப் பாதையை விட்டுவிட்டார். கடவுள் நம்பிக்கையும் பின்னாலேயே போய்விட்டது.

இப்படி வீட்டு வழக்கத்தை மீறியவர்தான், மனிதரை மனிதராக்குவதே சமூகம் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார்!

1887-ல் போர்தோ பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. சமூகவியலுக்கென்று அங்கே தனித் துறை எல்லாம் கிடையாது. சமூக அறிவியலோடு கல்வியியலையும் சேர்த்து நடத்த வேண்டும். கேட்பவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள். ஆனால், அவருடைய மிக முக்கியமான கருத்து ஒன்று வளர்ந்தது அந்த வகுப்புகளில்தான்.

அது என்ன? லிஃப்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் கதவைப் பார்த்துத் திரும்பி நிற்கிறோம். யாரும் சொல்லித் தரவில்லை, சட்டமும் இல்லை. ஒருநாள் மற்றவர்கள் முகத்தைப் பார்த்து நின்று பாருங்கள், ஒரு மாதிரி ஆகிவிடும். நமக்கு வெளியே இருந்துகொண்டு நம்மை நெருக்கும் இந்த மாதிரி விஷயங்களைத்தான் துர்கைம் 'சமூக மெய்ம்மை' என்றார். மொழி, பணம், சட்டம், கல்யாண முறை என்று பண்பாட்டின் பெரும்பகுதி இதில் அடங்கும். நாம் பிறக்கும் முன்பே இவை இருந்தன. நாம் போன பிறகும் இருக்கும்.

வெளியே இருப்பது குழந்தைக்குள் எப்படிப் போகிறது? அதுதான் சமூகமயமாதல். வீட்டில் தொடங்கும் இந்த வேலையைத் திட்டமிட்டு, முறைப்படி செய்யும் இடம் பள்ளி என்பது அவர் கணிப்பு.

1897-ல் வந்த அவருடைய தற்கொலை பற்றிய ஆய்வு பலரை அதிர வைத்தது. அக்காள் மகன் மார்செல் மோஸ் சுமார் 26,000 பதிவுகளைப் பிரித்து அடுக்கித் தந்தார். தனிமனிதரின் மனவேதனை என்று நினைத்திருந்த ஒன்றின் விகிதம், அவரைச் சுற்றி உறவுப் பிடிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு சேர்ந்து மாறுவதைத் துர்கைம் காட்டினார். அதில் பயன்படுத்திய புள்ளிவிவரங்கள் பற்றிப் பின்னால் நிறைய விமர்சனம் வந்தது, அது வேறு கதை.

1902-ல் பாரிஸின் சோர்போனுக்கு வந்தார். இளம் ஆய்வாளர்கள் அவரைச் சுற்றித் திரண்டார்கள்.

பிறகு 1914. முதல் உலகப் போர்.

பிரான்ஸுக்கு ஆதரவாகத் துர்கைம் பிரசுரங்கள் எழுதினார். அப்படியிருந்தும், அந்நிய வம்சாவளி என்று சொல்லி ஒரு செனட்டர் அவருடைய விசுவாசத்தையே சந்தேகித்தார். குழந்தைகளுக்குள் தேசப் பற்றைப் பதிய வைப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்குப் பாடம் எடுத்த மனிதர் அவர்! அவர் வளர்த்த மாணவர்களில் பலர் போர்முனைக்குப் போனார்கள். ராபர்ட் ஹெர்ட்ஸ் 1915 ஏப்ரலில் இறந்தார். அதே ஆண்டின் இறுதியில் மகன் ஆந்த்ரே பால்கன் போர்முனையில் பலியானார். அப்பாவைப் போலவே ஆய்வு வழியில் போன, மொழியியல் படித்த பையன். முதலில் காணவில்லை என்றுதான் தகவல். மரணம் உறுதியாகவே மாதங்கள் ஆகின.

அந்தத் துக்கத்தைத் துர்கைம் யாரிடமும் பேசவில்லை. மற்றவர்கள் பேசுவதையும் விரும்பவில்லை. மனிதர்கள் சேர்ந்து துக்கம் அனுசரிப்பது ஏன் என்று 1912-ல் வந்த தன் மதம் பற்றிய நூலில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தவர் அவர். 1916 இறுதியில் உடல்நிலை மோசமானது. ஒழுக்கம் பற்றி ஒரு பெரிய நூல் எழுதத் தொடங்கி, முன்னுரையின் ஒரு பகுதியோடு நின்றுவிட்டது. 1917 நவம்பர் 15 அன்று, 59 வயதில் இறந்தார்.

அவர் 1898-ல் தொடங்கிய சமூகவியல் ஆண்டிதழும் போரோடு நின்றுபோயிருந்தது. மோஸ் 1925-ல் அதை மீண்டும் கொண்டுவந்தார். மாமாவும், இறந்துபோன மற்றவர்களும் முடிக்காமல் விட்டுப்போன வேலைகள் என்னென்ன என்று அந்த இதழில் அவரே எழுதினார்.