வேதநாயகம் சாஸ்திரியார்

வேதநாயகம் சாஸ்திரியார் (செப்டம்பர் 7, 1774 - சனவரி 24, 1864) தஞ்சாவூரில் வாழ்ந்த தமிழ்க் கிறித்தவக் கவிஞரும் ஆசிரியரும் ஆவார். சுவிசேடக் கவிராயர் என்று அழைக்கப்பட்டார். குறவஞ்சி, நாடகம், கும்மி, ஏற்றப்பாட்டு, மாலை, அந்தாதி முதலிய தமிழ் இலக்கிய வடிவங்களைக் கிறித்தவ இறைவழிபாட்டிற்குப் பயன்படுத்தியவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். பெத்லகேம் குறவஞ்சி இவருடைய புகழ்பெற்ற படைப்பாகும்.

பிரதாப முதலியார் சரித்திரம் என்னும் புதினத்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826 - 1889) வேறொருவர் ஆவார்.

இளமையும் கல்வியும்

வேதநாயகம் திருநெல்வேலியில் வேளாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவருடைய தந்தை அருணாசலம், கிறித்தவ சமயத்தைத் தழுவித் தேவசகாயம் என்று பெயர் பெற்றவர். செருமானிய லூத்தரன் சமயப்பணியாளரான சுவார்ட்சு (1726 - 1798) திருநெல்வேலிக்கு வந்தபோது சிறுவனின் திறமையைக் கண்டு, பெற்றோரின் இசைவுடன் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். அப்போது வேதநாயகத்திற்கு வயது 12.

பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜியும் அக்காலத்தில் சுவார்ட்சின் பாதுகாப்பில் வளர்ந்து வந்தார். இதனால் இருவருக்கும் இளமையிலேயே நட்பு உண்டாயிற்று. வேதநாயகம் தரங்கம்பாடியில் இறையியலுடன் வானியல், கணிதம் முதலியவற்றையும் கற்றார். இளம் வயதிலேயே தஞ்சைத் திருச்சபைப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றார்.

இறைபுகழ்ச்சி பற்றிய கிறித்தவக் கருத்து

சாஸ்திரியாரின் படைப்புகளைப் புரிந்துகொள்ள, மனிதர் ஏன் கடவுளைப் புகழவேண்டும் என்பதற்குக் கிறித்தவம் கூறும் காரணங்களை அறிவது தேவையாகும். கடவுளுக்கு ஏதோ குறை இருப்பதாகவும், மனிதரின் புகழ்ச்சி அதை நிறைவு செய்வதாகவும் கிறித்தவர்கள் கருதுவதில்லை. மனிதர் கடவுளின் சாயலில், அவருடைய மகிமைக்காகப் படைக்கப்பட்டனர் என்பது அவர்களது நம்பிக்கை. ஏசாயா நூலின் 43ஆம் அதிகாரம் இக்கருத்தைக் கூறுகிறது. வானமும் அதிலுள்ளவையும் படைத்தவரின் பெருமையை அறிவிக்கின்றன என்பது 19ஆம் சங்கீதத்தின் பொருள்.

இரண்டாவது காரணம் மீட்பு. கடவுளுக்குரிய மேன்மையைப் படைக்கப்பட்ட பொருளுக்கோ தமக்கோ கொடுப்பதே பாவத்தின் வேர் என்றும், இயேசு கிறித்துவின் மரணத்தாலும் உயிர்த்தெழுதலாலும் அந்நிலையிலிருந்து மனிதர் மீட்கப்பட்டனர் என்றும் கிறித்தவர்கள் நம்புகின்றனர். எனவே துதி என்பது வரம் பெறுவதற்கான விலையன்று. பெற்ற அருளுக்கான நன்றியாகும். மேலும் அது பாட்டுடன் முடிவதில்லை. உண்பது, பருகுவது உட்பட அனைத்தையும் கடவுளின் மகிமைக்கென்று செய்யவேண்டும் என்பது கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுல் தரும் அறிவுரை. 1647இல் இங்கிலாந்தில் உருவான வெசுட்மின்சிட்டர் வினாவிடை நூல், மனித வாழ்வின் முதன்மை நோக்கமே கடவுளை மகிமைப்படுத்துவதும் அவரில் என்றும் மகிழ்ந்திருப்பதும் என்று வரையறுத்தது.

பெத்லகேம் குறவஞ்சி

இந்நூல் 1800ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. குறவஞ்சி நூல்களில் தலைவி ஒருத்தி, உலா வரும் தலைவன் மீது காதல் கொள்வாள். குறத்தி வந்து குறி சொல்வாள். தலைவன் பெரும்பாலும் ஓர் ஊரில் எழுந்தருளிய இறைவனாகவோ அரசனாகவோ இருப்பான். திருக்குற்றாலக் குறவஞ்சியில் தலைவர் குற்றாலநாதர். தஞ்சையில் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபால குறவஞ்சியில் தலைவர் சரபோஜி மன்னரே.

சாஸ்திரியாரின் நூலில் தலைவர் பெத்லகேமில் பிறந்த இயேசு. தலைவியாகிய தேவமோகினி திருச்சபையைக் குறிக்கிறாள். குறத்தி விசுவாசத்தின் உருவகம். பறவை பிடிக்கும் காட்சி, மக்களைத் திருமறைக்கு அழைக்கும் பணியின் உருவகமாகிறது. கண்டங்கள், நாடுகள் பற்றிய செய்திகளும், கோப்பர்னிக்கசின் கதிரவன் மையக் கொள்கையும் நூலில் இடம்பெறுகின்றன. தரங்கம்பாடியில் கற்ற புதிய அறிவியலைச் சமயத்திற்கு எதிரானதாக அவர் கருதவில்லை. படைப்பை எந்த அளவுக்கு அறிகிறோமோ அந்த அளவுக்குப் படைத்தவரைப் புகழ இயலும் என்ற எண்ணம் நூலில் வெளிப்படுகிறது.

அரசவைத் தொடர்பு

1798இல் அரியணை ஏறிய சரபோஜி, சாஸ்திரியாரின் பாடல்களை விரும்பிக் கேட்டார். தஞ்சைப் பெருவுடையார் மீது ஒரு குறவஞ்சி பாடுமாறு மன்னர் கேட்டதாகவும், தம் பாட்டு கிறித்துவுக்கே உரியது என்று கூறிச் சாஸ்திரியார் மறுத்ததாகவும் மரபுவழிச் செய்தி வழங்குகிறது. புலவர்கள் அரசரின் ஆதரவையே நம்பி வாழ்ந்த காலத்தில் இத்தகைய மறுப்பு வாழ்வாதாரத்தை இழக்கச் செய்யக்கூடியது. ஆயினும் இருவரது நட்பும் முறியவில்லை.

திருச்சபையில் ஏற்பட்ட மோதல்

தமிழகச் சீர்திருத்தத் திருச்சபைகளில் தொடக்கத்தில் செருமானியப் பாடல்களின் மொழிபெயர்ப்புகள் அவற்றின் மெட்டிலேயே பாடப்பட்டன. சாஸ்திரியார் இராகம், தாளம் அமைந்த கீர்த்தனைகளை இயற்றினார். தஞ்சையில் வழங்கிய கதாகாலட்சேப முறையில் குழுவினருடன் பல ஊர்களுக்குச் சென்று பாடி விளக்கம் அளித்தார்.

1820களில் வந்த புதிய சமயப்பணியாளர்கள் பழைய வழக்கங்களை மாற்ற முற்பட்டனர். ஆலயத்தில் தமிழ் இசையும் விழாக்களில் மலர்களும் தவிர்க்கப்பட்டன. பப்ரீசியசு மொழிபெயர்த்த திருமறைக்குப் பதிலாக இரேனியசின் மொழிபெயர்ப்பைக் கொண்டுவர முயன்றனர். சாதி வேறுபாடின்றி அனைவரும் சேர்ந்து அமரவேண்டும் என்றும் வலியுறுத்தினர். சாஸ்திரியார் இவை அனைத்தையும் எதிர்த்து எழுதினார். இதனால் 1829ஆம் ஆண்டையொட்டித் திருச்சபைப் பணியை இழந்தார். அப்போது சரபோஜி மன்னர் இவருக்கு அரசவையில் இடமளித்து ஊதியமும் வழங்கினார். மன்னர் 1832இல் மறைந்தார்.

இம்மோதலில் சாஸ்திரியாரின் நிலைப்பாடு இருவேறு விதமாக மதிப்பிடப்படுகிறது. கடவுளைத் தமிழரின் இசையிலும் வழக்கங்களிலும் புகழலாம் என்ற அவருடைய கருத்தைப் பிற்காலத் திருச்சபை ஏற்றுக்கொண்டது. சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வதும் அத்தகைய ஒரு வழக்கமே என்ற அவருடைய வாதத்தை ஏற்கவில்லை. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதி வேறுபாட்டைக் கைவிடுமாறு சுற்றறிக்கை விடுத்தார். கடவுளின் சாயலில் படைக்கப்பட்டோர் அனைவரும் ஒன்றாகத் துதிக்க வேண்டியவர்கள் என்றால், துதிக்கும் இடத்திலேயே அவர்களைப் பிரித்து அமர்த்துவது எவ்வாறு பொருந்தும் என்பதே எதிர்த்தரப்பு எழுப்பிய வினாவாகும்.

படைப்புகள்

இவர் இயற்றிய நூல்களுள் சில:

* பெத்லகேம் குறவஞ்சி
* ஞானத்தச்ச நாடகம் - நோவாவின் பேழையைப் பற்றியது
* சாஸ்திரக் கும்மி - மூட நம்பிக்கைகளைச் சாடுவது
* ஞான ஏற்றப்பாட்டு - உழவர் நீர் இறைக்கும்போது பாடும் பாட்டின் வடிவில் அமைந்தது
* பராபரன் மாலை
* செபமாலை
* ஆரணாதிந்தம்
* ஞான அந்தாதி
* பேரின்பக் காதல்

மறைவும் தாக்கமும்

அமெரிக்க மதுரை மிசனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர் 1853இல் வெளியிட்ட கிறித்தவக் கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் பல இடம்பெற்றன. ஒருகாலத்தில் ஆலயத்திலிருந்து விலக்கப்பட்ட தமிழ்க் கீர்த்தனைகள் இவ்வாறு பொது வழிபாட்டிற்குத் திரும்பின. சாஸ்திரியார் தம் 89ஆம் வயதில் தஞ்சாவூரில் காலமானார்.

இவருடைய கீர்த்தனைகள் திருநெல்வேலி, தஞ்சாவூர் முதல் கோயம்புத்தூர், திருப்பூர் வரையுள்ள தமிழ்த் திருச்சபைகளிலும், புலம்பெயர்ந்த தமிழர்களின் வழிபாடுகளிலும் இன்றும் பாடப்படுகின்றன. கதாகாலட்சேப மரபை இவருடைய வழித்தோன்றல்கள் தொடர்ந்து நடத்தி வந்துள்ளனர்.