பையில் ஒரு மாற்றுச் சேலை

குட்டீஸ், தினமும் பள்ளிக்கூடம் போகும்போது பையில் என்னென்ன எடுத்துப் போவீர்கள்? புத்தகம், நோட்டு, பென்சில் டப்பா, மதியச் சாப்பாடு... அவ்வளவுதானே? 1848-ம் ஆண்டு புனே நகரில் ஓர் ஆசிரியை, தன்னோடு ஒரு மாற்றுச் சேலையும் எடுத்துப் போவார். கட்டியிருக்கும் சேலை போகிற வழியிலேயே பாழாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்!

அவர்தான் சாவித்திரிபாய் பூலே.

மகாராஷ்டிராவில் சதாரா பக்கம் நைகாவ் என்ற கிராமத்தில், 1831 ஜனவரி 3-ந்தேதி பிறந்தார். 9 வயதில் கல்யாணம்! மாப்பிள்ளை ஜோதிராவுக்கு வயது 13. அந்தக் காலத்தில் இது வழக்கம்தான். பெண்கள் படிப்பது பாவம் என்று பலரும் நம்பியதால், சாவித்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜோதிராவ்தான் மனைவிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பிறகு அவர் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார்.

1848-ல் புனேயில் பிடே வாடா என்ற வீட்டில், இருவரும் பெண் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். ஆசிரியைக்கு அப்போது வயது 17! தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் இவர்கள் பள்ளி நடத்தினார்கள்.

ஊரில் பலருக்குப் பொறுக்கவில்லை. சாவித்திரிபாய் தெருவில் நடந்து போனால் சாணியை வீசினார்கள். சேற்றை வாரி இறைத்தார்கள். கல்லும் பறந்து வந்தது. அவர் திருப்பி ஏசவில்லை. நேராகப் பள்ளிக்குப் போவார். அழுக்குச் சேலையை மாற்றிக்கொண்டு பாடத்தை ஆரம்பிப்பார். மறுநாளும் அதே தெரு, அதே சாணி. ஒரு நாள் என்றால் யாரும் பொறுத்துக்கொள்ளலாம். தினம் தினம் என்றால் எவ்வளவு கஷ்டம், யோசித்துப் பாருங்கள்! (அந்தப் புனேயின் பல்கலைக்கழகத்துக்கே 2014-ல் இவர் பெயரைச் சூட்டினார்கள்.)

ஊரார் அடுத்து மாமனாரை நெருக்கினார்கள். பள்ளியை விடுங்கள், இல்லாவிட்டால் வீட்டை விட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார் மாமனார். 1849-ல் இருவரும் வெளியேறினார்கள். உஸ்மான் ஷேக் என்ற நண்பர்தான் இடம் கொடுத்தார். பாத்திமா ஷேக் என்பவரும் சாவித்திரிபாயோடு சேர்ந்து பாடம் நடத்தினார்.

அவர்களிடம் படித்தவர்களில் முக்தாபாய் என்று ஒரு சிறுமி. ஒதுக்கப்பட்ட மாங் சாதியில் பிறந்தவள். தன் மக்கள் படும் கொடுமைகளைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855-ல் ஒரு மராத்திப் பத்திரிகையில் வெளியானது. உங்கள் வயதுப் பெண்தான்!

அந்நாளில் கணவனை இழந்த இளம்பெண்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவர்களுக்குக் குழந்தை பிறந்தால், ஊர் ஏச்சுக்குப் பயந்து குழந்தையைக் கொன்றுவிடும் கொடுமையும் நடந்தது. 1863-ல் அப்படிப்பட்ட தாய்மார்களுக்காகப் பூலே தம்பதி ஒரு காப்பகம் திறந்தார்கள். அங்கே பிறந்த ஒரு குழந்தையையே பின்னர் தத்தெடுத்தார்கள். அவர்தான் யஷ்வந்த். படித்து டாக்டரானார். 1868-ல், பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களுக்காகத் தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் திறந்துவிட்டார்கள்.

1890-ல் ஜோதிராவ் காலமானார். வளர்ப்பு மகன் எப்படிக் காரியம் செய்யலாம் என்று உறவினர்கள் தகராறு செய்தார்கள். சாவித்திரிபாய் தானே கொள்ளிச் சட்டியை எடுத்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். பெண்கள் சுடுகாட்டுக்கே போகாத காலம் அது!

1897-ல் புனேயில் பிளேக் நோய் பரவியது. பயந்து ஜனங்கள் ஊரையே காலி செய்தார்கள். சாவித்திரிபாயும் டாக்டர் யஷ்வந்தும் ஊருக்கு வெளியே ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார்கள். முண்ட்வா கிராமத்தில், ஒதுக்கப்பட்ட மக்கள் வாழும் பகுதியில் பாண்டுரங் என்ற சிறுவனுக்கு நோய் என்று கேள்விப்பட்டார் சாவித்திரிபாய். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தும், 66 வயதில் அந்தப் பையனை முதுகில் சுமந்துகொண்டு சிகிச்சை நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். நோய் அவரையும் பற்றிக்கொண்டது. 1897 மார்ச் 10-ந்தேதி அவர் காலமானார்.